எல்லையோரக் கிளப்பின் வலைத்தளம்: தேடுபொறிகளோடு எங்கள் அனுபவம்

2014 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. ராத்திரி எட்டு மணி இருக்கும். உடுமலைப் பக்கத்து வாலிபால் டீம் கேப்டன் ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணா, மேட்ச் சித்தூர்ல தானேங்ணா? தேடிப் பார்த்தா வேலூர் தாண்டி ஆந்திராவுக்கு வழி காட்டுதுங். அவ்வளவு தூரமுங்களா?"

அவர் வரவேண்டியது பொள்ளாச்சி வந்து, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது. அது மாவட்டத் தலைநகரம், பெரிய ஊர். தமிழில் இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். எங்கள் நோட்டீஸிலும் தளத்திலும் வெறும் 'சித்தூர்' என்று போட்டிருந்தோம். எந்த மாநிலம் என்றோ, பக்கத்தில் எந்த ஊர் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அப்படி இருந்தால் பெரிய ஊர்தான் முன்னால் வரும்.

அந்தப் போனுக்குப் பிறகுதான் எங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். எங்களுடையது சின்ன கிளப். ஒரு வாசகசாலை, ஒரு வாலிபால் கிரவுண்ட், பொங்கலுக்கு ஒரு போட்டி, ஓணத்துக்குப் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள், கோடை விடுமுறையில் பயிற்சி. தளத்தை 2012-லிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் கிளப்புக்கு யாராவது தளம் நடத்தினால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ப்ளாக்ஸ்பாட்டில் இலவசமாக ஆரம்பித்தோம். அது பரவாயில்லாமல் ஓடியது. தவறு எங்கள் பக்கம்தான். பிளக்ஸ் அடிக்கக் கொடுத்த டிசைனையே படமாக எடுத்துத் தளத்தில் போட்டுவிடுவோம். தேதி, நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். கண்ணுக்கு அழகு. ஆனால் பக்கத்தில் எழுத்தாக ஒரு வரிகூட இல்லை. தேடுபொறி முதன்மையாகப் படிப்பது எழுத்தை. படத்துக்குள் இருக்கிற தேதியை நம்பி அது ஒரு பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவராது.

இன்னொன்று, பழைய மலர்கள். எங்கள் கிளப்பின் ஆண்டு மலர்களில் ஊரின் விளையாட்டு வரலாறே இருக்கிறது. எந்த வருடம் யார் ஜெயித்தார்கள், எந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினார்கள், யார் வலை வாங்கிக் கொடுத்தார்கள் என்றெல்லாம். அவை பாமினி எழுத்துருவில் அச்சுக் கோத்தவை. அந்தக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து குப்பையாக வரும். அந்த எழுத்துருவை ஏற்றிய கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது எந்த மொழியும் கிடையாது. எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகும் கொம்பு, கால் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கவேண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க வாசகசாலையில் உட்கார்ந்து அதைச் செய்தோம். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்த வேலைகளில் பலன் அதிகம் தந்தது அதுதான். பழைய வீரர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தா பெயரைப் போட்டுத் தேடி எங்கள் பக்கத்துக்கு வந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "எங்க தாத்தா செட்டர் ஆடினாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் வார்த்தை. நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று 'கையுந்துப் பந்தாட்டத் தொடர்' என்று தலைப்பு வைத்திருந்தோம். எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் யாரும் அப்படித் தேடுவதில்லை. 'வாலிபால் மேட்ச் பொள்ளாச்சி' என்று தேடுகிறார்கள். அதையும் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். இந்தப் பக்கம் பாலக்காட்டுக்காரர்கள் மலையாளத்தில் தேடுகிறார்கள். மலையாள எழுத்தில் எங்கள் சித்தூர், 'சிற்றூர்' என்று எழுதியது போல இருக்கும். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. கொழிஞ்சாம்பாறையை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். பாலக்காட்டுக்கே பழைய ஆங்கிலப் பெயர் 'பால்காட்'. இங்கே இருக்கிற மீனாட்சிபுரத்தைத் தேடினால் திருநெல்வேலிப் பக்கத்து மீனாட்சிபுரமும் கூடவே வரும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. முகப்பில் ஒரு பத்தி எழுதினோம். ஊர், தாலுகா, மாவட்டம், மாநிலம், பொள்ளாச்சியிலிருந்து எப்படி வருவது, பாலக்காட்டிலிருந்து எப்படி வருவது, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்குவது. வழி கேட்கிறவருக்குச் சொல்வது போலவே எழுதியது. பக்கத் தலைப்பில் 'வாலிபால்' என்று போட்டோம், உள்ளே 'கையுந்துப் பந்து' என்பதையும் விடவில்லை. மலையாளத்தில் தனியாக ஒரு பக்கம், எங்கள் வாசகசாலைப் பொறுப்பாளர் கைப்பட எழுதியது. இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டவேண்டாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரி. படிக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் சொந்த வீட்டுப் பேச்சாக இருக்கிறது.

ஊர்ப் பெயர்களையெல்லாம் வரிசையாகக் கொட்டி வைப்பது வேறு, வழி சொல்வது வேறு. முதல் வகையைத் தேடுபொறிகள் குப்பை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்த வகையைத்தான் ஒருவர் எங்களிடம் காசு வாங்கிக்கொண்டு செய்தார். 2015 வாக்கில் நகரத்திலிருந்து வந்தவர், 'மூன்று மாதத்தில் முதலிடம்' என்று வாக்குக் கொடுத்தார். பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட் (தேடுசொல்) பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். எங்கெங்கோ இருக்கிற சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் லிங்க் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கீவேர்ட் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. விலைக்கு வாங்கும் லிங்குகளைப் பிடிக்கவே 2012-இல் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. போன பணம் இரண்டு பந்தும் ஒரு நல்ல வலையும் வாங்கியிருக்கும். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

லிங்க் முக்கியமே இல்லையா என்றால், மிக முக்கியம். 1998-இல் ஸ்டான்போர்டில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளுக்கு அடித்தளமாக வைத்த பேஜ்ரேங்க் முறையே அதுதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்பவரை எத்தனை பேர் சிபாரிசு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் கனம் கூடும், குறையும். இன்று தரவரிசைக்கு வேறு பல விஷயங்களும் சேர்ந்துவிட்டன, ஆனாலும் அந்த அடிப்படை போகவில்லை. எங்களைப் போன்ற கிளப்புக்கு அந்தச் சிபாரிசு யாரிடமிருந்து வரும்? நம்மோடு ஆடியவர்களிடமிருந்துதான். நாங்கள் போட்டிக்கு வந்த டீம்களையே கேட்டோம். பொள்ளாச்சி டீம் ஒன்று தங்கள் பக்கத்தில் 'பொங்கலுக்கு இங்கே ஆடினோம்' என்று எழுதி லிங்க் கொடுத்தது. கோடைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பள்ளிக்கூடம் ஒன்று கொடுத்தது. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று போட்டி முடிவை வெளியிட்டபோது கொடுத்தது. எண்ணினால் ஒரு கை விரல்கள்தான். அந்தச் சில லிங்குகள் வந்த பிறகு தேடலில் தெரிந்த வித்தியாசம், விலைக்கு வாங்கிய நூறு லிங்குகளால் வரவில்லை. நாங்களும் அவர்களுடைய பக்கங்களுக்கு லிங்க் கொடுத்தோம், கிரவுண்டுக்கு வந்தவர்களுக்கு டீ கொடுப்பது மாதிரி.

சொந்த டொமைன், அதாவது தளத்துக்கென்று தனி முகவரிப் பெயர், வாங்கியது 2016-இல். ப்ளாக்ஸ்பாட்டிலேயே அதை இணைத்துவிட்டால் பழைய முகவரிக்கு வருகிறவர்கள் தானாகப் புதியதற்கு வந்துவிடுவார்கள். அது வசதி. ஆனால் டொமைனைப் பதிவு செய்தது எங்கள் உறுப்பினர் ஒருவரின் மின்னஞ்சலில். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டியிலேயே கிடந்தன. 2018-இல் ஒருநாள் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. காலாவதியான பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள். நல்ல பழைய லிங்குகள் உள்ள பெயர் என்பதால்தான் அதை எடுத்திருக்கிறார்கள். அதாவது நாங்கள் சேர்த்த சிபாரிசு எல்லாம் இப்போது அவர்கள் கையில். பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் அழுத்தினால் சூதாட்டத்துக்குப் போகும். அன்றே ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்து லிங்கை எடுக்கச் சொன்னேன். புதிய பெயர் வாங்கி, லிங்க் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாற்றச் சொல்லி, பழைய நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது டொமைன் கிளப்பின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது. கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் உண்டு. புதுப்பிக்கும் தேதி வாசகசாலைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

கூகுள் மேப்பில் கிளப்பைப் பதிந்தது நல்ல முடிவு. உள்ளூர்த் தேடலில் வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: கேட்டதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டது. பெயரைப் பலகையில் இருக்கிறபடியேதான் போடவேண்டும். இளைஞர்கள் சிலர் 'சித்தூர் பெஸ்ட் வாலிபால்' என்று கூடச் சேர்க்கலாம் என்றார்கள். அது விதிக்கு எதிரானது, பெயருக்கும் மரியாதை இல்லை. சாயங்காலம் வாசகசாலை திறந்திருக்கும் நேரத்தையே நேரமாகப் போட்டோம். அந்த நேரத்தில் வந்தால் ஆள் இருக்கவேண்டும் அல்லவா. மேப் பதிவோடு சேர்த்துக் கூகுள் தந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே மேப் பதிவு இருந்தாலும், எழுத்தும் படமும் உங்கள் சொந்தத் தளத்தில் இருக்கட்டும், ஒரு நகல் பென்டிரைவிலும்.

அந்தத் தூரக் கணக்கால் ஒரு மயக்கம் வரும். கிரவுண்டில் நின்று என் போனில் தேடினால் நாங்கள்தான் முதலில். ரொம்ப நாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். உடுமலையில் இருக்கிற நண்பர் அதே சொல்லைத் தேடினால் இரண்டாம் பக்கத்தில்கூட நாங்கள் இல்லை. உங்கள் போனில் வருவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அதில் தெரியும். பதினாறு மாதக் கணக்கு இருக்கும், அதனால் இந்தப் பொங்கலையும் போன பொங்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் நாம்தான் இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். பிங் என்ற தேடுபொறிக்கும் இதே போல ஒரு கருவி இருக்கிறது. ஒருதரம் பதிந்துவிட்டால் போதும், டக்டக்கோ என்ற தேடுபொறியும் பெரும்பாலும் பிங்கிடமிருந்தே எடுக்கிறது.

கன்சோலைப் பார்த்துத்தான் இன்னொரு தவறும் பிடிபட்டது. ஒவ்வொரு வருடமும் போட்டிக்குப் புதுப் பக்கம் போட்டுவந்தோம். ஐந்தாறு வருடப் பக்கங்கள் ஒரே சொல்லுக்குத் தங்களுக்குள் போட்டி போட்டன. சில சமயம் மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம் மேலே நின்றது. அதில் இருந்த நம்பர் எங்கள் பழைய செயலாளருடையது, பாவம், பொங்கல் வந்தாலே அவருக்குத் தூக்கம் போனது. இப்போது போட்டிக்கு ஒரே நிரந்தரப் பக்கம். டிசம்பரில் அதையே திருத்துகிறோம். தேதியோடு வருடத்தையும் சேர்த்து எழுதுகிறோம். வருடம் போடாமல் 'ஜனவரி 15' என்று மட்டும் இருந்தபோது, தேடல் பக்கத்தின் மேலே வருகிற சுருக்கத்தில் பழைய வருட விவரம் வந்து இரண்டு டீம் குழம்பியது. பழைய முடிவுகள் தனிப் பக்கத்துக்குப் போய்விட்டன.

போனில் சரியாகத் தெரியவேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்தே கூகுளின் கணக்கில் உண்டு. https என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரி அதற்கு முந்தைய வருடம் சேர்ந்தது. ப்ளாக்ஸ்பாட்டில் இரண்டுமே அமைப்பில் தேர்ந்தெடுக்கிற வேலைதான்.

கன்சோலில் எல்லாமும் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களை, அவர்களுடைய அந்தரங்கத்துக்காக அது காட்டாது. எங்கள் மாதிரி சின்ன தளத்துக்கு வருகிற சொற்களில் பல அப்படிப்பட்டவைதான். அதனால் போன் செய்கிற எல்லோரிடமும் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன், "என்னன்னு அடிச்சுத் தேடினீங்க?" என்று. பதில்களை வாசகசாலை மேஜையில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம்.

இந்த வருடம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். தேடிக் கிடைக்காமல், டீக்கடையில் கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறான். என்ன தேடினாய் என்றதற்கு, "புளியமரத்து கிரவுண்டுன்னு அடிச்சேன்ங்ணா" என்றான். மைதானத்துக்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற பெயர் அதுதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். தளத்தில் ஓரிடத்தில்கூட அந்தப் பெயர் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வழி சொல்லும் பத்தியில் சேர்த்தேன், மலையாளப் பக்கத்திலும் சேர்த்தாயிற்று.