விக்டரி மாடல் ரிவால்வர் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ரிவால்வர்கள் சேகரிக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாஸில் ஒரு வியாபாரி எனக்கு ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடலை விற்றார். "இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தது, .38 ஸ்பெஷல், 4 அங்குலக் குழல், எல்லாம் ஒரிஜினல்" என்று எழுதியே கொடுத்தார். விலையும் அதற்கேற்ற விலைதான். கைக்கு வந்ததோ வேறு சரக்கு.

1942 முதல் 1945 வரை லட்சக்கணக்கில் தயாரான மாடல் இது. அமெரிக்கப் படைகளுக்குப் போனவை பெரும்பாலும் 4 அங்குலக் குழலும் .38 ஸ்பெஷல் தோட்டாவும் கொண்டவை. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் அனுப்பியவற்றுக்கு .38 எஸ்&டபிள்யூ தோட்டா, பெரும்பாலும் 5 அங்குலக் குழல். போர் முடிந்து அங்கே கழித்துக்கட்டியதில் நிறைய இங்கேயே திரும்பி வந்தன. வந்தவற்றில் பலவற்றின் குழலை வெட்டி, சிலிண்டர் அறைகளைக் குடைந்து, ஸ்பெஷல் தோட்டா போகிற மாதிரி ஆக்கினார்கள். அதைச் சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. இவர் மறைத்து விற்றார்.

அவர் காட்டிய பெரிய ஆதாரம், சிலிண்டருக்கு மேலே ஓடும் மேல்பட்டையில் இருந்த 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி' (அமெரிக்க அரசின் சொத்து) முத்திரை. முத்திரை நிஜம்தான். ஆனால் போரின்போது அமெரிக்கா நட்பு நாடுகளுக்கு ஆயுதம் கொடுத்த லெண்ட்-லீஸ் திட்டத்தில் பிரிட்டனுக்குப் போனவற்றிலும் அதே முத்திரை உண்டு. அதை மட்டும் வைத்துக் கடற்படை என்று சொல்லவே முடியாது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. குழலில் தோட்டாவின் பெயர் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று தேய்ந்திருந்தது. சிலிண்டரின் பள்ளங்களுக்கு நடுவே அரைகுறையாக அழித்த குட்டிக் கிரீடம். அது பிரிட்டிஷ் சோதனைச்சாலை முத்திரை. குழலில் மங்கலாக .767 என்ற எண், அதாவது .38 எஸ்&டபிள்யூ தோட்டாக்கூட்டின் நீளம் அங்குலத்தில். குறிபார்க்கும் முன்குறி குழலோடு ஒரே துண்டாக இல்லை, பற்றவைத்த கோடு தெரிந்தது; குழலை வெட்டியிருக்கிறார்கள். சுத்தியலும் விசையும்கூட கருநீலமாக இருந்தன. தொழிற்சாலையில் அவற்றுக்கு அந்தப் பூச்சே கிடையாது, எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் கேஸ் ஹார்டனிங்கின் கலங்கலான பல வண்ணம்தான் இருக்கும். விக்டரியின் உடம்பும் பார்க்கரைஸ் எனும் பளபளக்காத சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சுதான். பளபளப்பாக இருந்தாலே யாரோ பிறகு கை வைத்திருக்கிறார்கள்.

விலையை விட எனக்குக் கோபம் வந்தது பாதுகாப்பை நினைத்துத்தான். எஸ்&டபிள்யூ கூட்டின் அடிப்பகுதி சுமார் .386 அங்குலம், ஸ்பெஷல் .379. குடைந்தாலும் அறையின் பின்பாதி அகலமாகவே நிற்கும். சுட்டால் பித்தளைக் கூடு அடியில் உப்பும், சில சமயம் பிளக்கும். இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் "சுடத் தயார்" என்று விற்பது கொடுமை.

திருப்பித் தருகிறேன் என்றதற்கு, "பழைய பொருள், உள்ளது உள்ளபடி விற்றேன்" என்று பதில். அவரே எழுதிக்கொடுத்த 'ஒரிஜினல்' என்ற சொல்லைக் காட்டியதும் பதிலே நின்றுபோனது. அவர் இன்னும் இதே மாடலை விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் கைப்பிடி அடி, சிலிண்டரின் பின்முகம், குழலின் கீழ்ப்பக்கம் மூன்றிலும் உள்ள சீரியல் எண்களை நெருக்கமாகப் படமெடுத்துக் கேளுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் பாகங்கள் மாறவில்லை என்பது மட்டும்தான் தெரியும், என்னுடையதிலும் ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் முன்குறியின் அடியையும் குழலின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கே அனுப்பப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தருகிறது. கடற்படை விலை கேட்கிறவரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.