ஏரி நீர்மட்டச் செயலி: பனித்தண்ணீரும் மழைத்தண்ணீரும் இதற்கு ஒன்றுதான்

ஒரு முழுப் பருவம் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏரியின் நீர்மட்டத்தை போனில் காட்டும் கட்டணச் செயலி இது. பேர் வேண்டாம், இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். திறந்ததும் பெரிய எழுத்தில் இன்றைய மட்டம், பக்கத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓர் அம்புக்குறி, அதற்குக் கீழே அடுத்த ஏழு நாள் கணிப்பு. ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அந்த இரண்டரையும் இன்றைய மட்டத்துக்குத்தான்.

கோளாறு அம்பில் இருக்கிறது. கடந்த சில நாள் போக்கைப் பார்த்து அப்படியே கோடு இழுத்துவிடுகிறது போல. பனி உருகும் காலத்தில் இது ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் பனி அவசரப்படாது. வெயில் வந்தவுடனே தண்ணீர் வருவதில்லை. பனிப்படுகை முழுக்க பூஜ்ய டிகிரிக்கு வந்து, உள்ளே ஈரம் ஊறி, அதற்கு மேல் தாங்காமல்தான் கீழே விடும். ஓடைகளில் பகலில் ஏறி இரவில் இறங்குகிற ஆட்டத்தையும் ஏரி தன் பரப்பில் விழுங்கிவிடும். வாரக்கணக்கில் நிதானமாக ஏறும் மட்டத்துக்கு நேர்கோடு போதும்.

மழை அப்படி இல்லை. கணக்கு எளிது: நீர்ப்பிடிப்புப் பகுதி ஏரியைப் போல 20 மடங்கு, பெய்ததில் கால்வாசி ஓடி வருகிறது என்று வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஏரி மேல் நேராக விழுந்தது ஒன்று, ஓடி வந்தது ஐந்து, ஆக ஆறு சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் 30. வெளியேற்றம் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. மேலே மிச்சப் பனி இருக்கும்போது வெதுவெதுப்பான மழை பெய்தால் இன்னும் மோசம், இரண்டும் சேர்ந்து இறங்கும். வசந்தத்தின் கடைசியில் எனக்கு அதுதான் நடந்தது. ராத்திரி படுக்கும்போது செயலி 'நிலையாக உள்ளது' என்றது, காலையில் போனால் படகுத்துறைக்குப் போகும் நடைபலகை தண்ணீருக்கு அடியில், ஏரி முழுக்க மிதக்கும் மரக்கட்டைகள், படகைக் கட்டியிருந்த கயிறு விட்டுக்கொடுக்க இடமில்லாமல் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயலி மத்தியானம்தான் அம்பைத் திருப்பியது!

பருவக் கணிப்பு என்று ஒரு பக்கம் வேறு. மலைப்பனி சராசரியில் இத்தனை சதவீதம், அதனால் ஏரி இவ்வளவு ஏறும் என்கிறது. இது அவ்வளவு எளிதாக இருந்தால் எல்லோரும் ஜோசியக்காரர்கள் ஆகிவிடலாம். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றில் அணை கட்டி உண்டாக்கிய பவல் ஏரியைப் பாருங்கள். 2021-ல் மேலே மலையில் பனி சராசரியை விடக் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை ஏரிக்கு வந்த தண்ணீர் சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய வறட்சியில் காய்ந்து கிடந்த மண் குடித்துவிட்டது. அதே ஏரி 2023 வசந்தத்தில் முதன்முதலில் நிரம்பிய பிறகு கண்டதிலேயே மிகக் கீழான மட்டத்தில் இருந்து, கனத்த பனி உருகியதில் அந்தக் கோடைக்குள் 60 அடிக்கு மேல் ஏறியது. மண்ணின் ஈரத்தைக் கேட்காத கணிப்பை நான் நம்பத் தயாரில்லை.

கலிபோர்னியா-நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரி எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் சர்ச் என்ற லத்தீன் பேராசிரியர் மலையேறிப் போய் பனியைக் குழாயால் குத்தி எடுத்து எடை போட்டுப் பார்த்தார். ஆழம் முக்கியமில்லை, அதற்குள் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் விஷயம். இன்று அமெரிக்க மலைகளில் தானாகவே பனியை அளந்து அனுப்பும் ஸ்னோடெல் நிலையங்களும் பனியின் எடையைத்தான் அளக்கின்றன, அதுவும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தச் செயலியோ பனியின் ஆழத்தைப் பெரிய படமாகப் போட்டுவிட்டு நீர் அளவை மூன்று தட்டு தள்ளி ஒளித்து வைத்திருக்கிறது.

அணை உள்ள ஏரியில் இன்னொரு ஓட்டை: மதகு. டாஹோ ஏரியின் மேல்மட்டத் தண்ணீரில் 6.1 அடி உயரம் அணையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மதகைத் திறந்தால் எந்தப் பனியும் மழையும் சொல்லாத வேகத்தில் மட்டம் இறங்கும், இந்தச் செயலிக்கு அது தெரியவே தெரியாது. அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி மாதிரி நீளமான, ஆழமில்லாத ஏரியில் பலத்த காற்றே ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் பல அடி வித்தியாசம் காட்டிவிடும், அதைப் பற்றியும் மூச்சு இல்லை.

கோடை முடிவில் பழைய எண்ணை நம்பி வழக்கமான பாதையில் போய் ஒரு மரக்கட்டையில் புரொப்பெல்லரை அடித்துக்கொண்டேன். திரையில் இருந்தது இரண்டு நாள் பழைய அளவு, தேதியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்க்காதது என் தப்பும்தான். அப்புறம் இன்னொன்று, மட்டத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதில் செயலியின் பூஜ்யமும் என் வரைபடத்தின் பூஜ்யமும் வேறு வேறு, கழித்துப் பார்க்காமல் ஆழத்தை நம்பக்கூடாது.

இப்போது அரசு அளவுமானியின் இலவசப் பக்கம், ஸ்னோடெல், மழை முன்னறிவிப்பு மூன்றையும் காலையில் ஐந்து நிமிடம் பார்க்கிறேன். படகு இறக்குதளத்தில் கான்கிரீட் முடியும் இடத்துக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று கம்பத்தில் நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அளவுக்கு எண்ணைப் பெரிதாகக் காட்டினால் போதும் என்பவர்கள் செயலியை வாங்கலாம். நான் புரொப்பெல்லரை மாற்றிவிட்டேன், சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.