பசுமைச் சான்றிதழ் ஆலோசனை: மூன்று நட்சத்திரம்

புதுச்சேரி நூறடிச் சாலையில் எங்கள் வணிக வளாகம் பழையது. மின்சாரம், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடங்களுக்குத் தரும் லீட் (LEED) பசுமைச் சான்றிதழுக்கு ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு வரைபடம் மட்டும் போதாது. 12 மாத மின்சார, தண்ணீர்க் கணக்கும் வேண்டும். அளக்க வந்த தம்பி கெட்டிக்காரர். கழிப்பறைக் குழாயடியில் அளவுக் குடுவையைப் பிடித்து, கடிகாரம் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதினார். மொட்டைமாடியில் உப்புக்காற்று அரித்த ஏசி வெளி யூனிட்டைத் தடவி, “இதுதான் சார் கரண்டைக் குடிக்குது” என்றார்.

40 புள்ளி எடுத்தால் சான்றிதழ், 60 எடுத்தால் தங்கத் தரச் சான்றிதழ். தங்கம் நிச்சயம் என்று பேசிய நிறுவனம், அப்புறம் வாடகைதாரர்களிடம் கருத்துப் படிவம் வாங்கும் வேலையை எங்கள் தலையில் கட்டியது. சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் என்பதையும் பில் நீட்டும்போதுதான் சொன்னார்கள்! நட்சத்திரம் மூன்றும் தம்பிக்கு.