கேசோன் சிட்டில பையனுக்கு துலி (இங்கத்த சுன்னத்து) பண்ணின கிளினிக், 5க்கு 3.5

கிளினிக் பேர் போடல, குறையும் சொல்லப்போறேன்ல அதான். கேசோன் சிட்டில ஒரு சின்ன பிரைவேட் கிளினிக், அவ்ளோ போதும். இங்க பிலிப்பைன்ஸ் பொண்ணக் கட்டி செட்டில் ஆன நம்மாளுங்க யாராச்சும் பையனுக்காக தேடுவீங்க, உங்களுக்குத்தான் இது.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு தலைகால் புரியாது, அதனால கொஞ்சம் விளக்கம். நான் தூத்துக்குடி ஆர்சி. எங்க பக்கம் பையன் வளர்றான்னா புதுநன்மை, அப்புறம் பிஷப் வந்து உறுதிபூசுதல், பிரியாணி, முடிஞ்சுது. சுன்னத்துன்னா அது பாய் வீட்டு விசேஷம். இங்க என்னடான்னா நூத்துல கிட்டத்தட்ட 80 பேர் கத்தோலிக்கர், ஆனா பத்து வயசு சுமாருக்கு வந்த பசங்க எல்லாரையும் கோடை லீவுல கூட்டிட்டுப்போய் துலி பண்ணிடறாங்க. கோயில்ல சொல்றது எல்லாம் கிடையாது. திருத்தூதர் பணிகள் 15லயே எருசலேம்ல கூடிப்பேசி, பிற இனத்தார்ல இருந்து வர்றவங்களுக்கு விருத்தசேதனம் தேவையில்லன்னு முடிச்சுட்டாங்க, 1442ல கத்தோலிக்கத் திருச்சபையோட புளோரன்ஸ் சங்கம் விருத்தசேதனத்தையே தடுத்து எழுதியும் வச்சுது. ஆனா இது ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடியே தீவுல இருந்த பழக்கம், முந்நூறு வருசத்துக்கு மேல ஆண்டும் சாமியாருங்களால அசைக்க முடியல. பண்ணாத பையன ஸ்கூல்ல சுபோத்னு (துலி பண்ணாதவன்னு கேலி) சொல்லி ஓட்டித் தள்ளிடுவானுங்க. என் பையன் தானாவே வந்து எப்பப்பா போறோம்னு கேட்டதுக்கும் அதான் காரணம், சாமி பக்தி எல்லாம் இல்ல.

சரி எங்க போறது. ஓசில வேணும்னா பராங்காய்ல (நம்மூர் வார்டு மாதிரி) ஆபரேஷன் துலின்னு கேம்ப் போடுவாங்க, பாஸ்கெட்பால் கோர்ட்ல மேஜையப் போட்டு வரிசையா. 2011ல மரிகினால உலக ரெக்கார்டு பண்றோம்னு பசங்களக் கூட்டமா கூட்டி பண்ணினாங்கன்னா பாத்துக்கோங்க. இன்னொன்னு பழைய முறை, புக்போக். என் மாமனார் பத்தாங்காஸ்காரர், அவருக்கு அப்படித்தான் நடந்துச்சாம், ஆத்துல ஊறிட்டு கொய்யா எலைய மென்னுட்டு நிக்கணும், ஊர்ப் பெரியவர் கத்திய வச்சு மேல ஒரு தட்டு, மென்ன எலைய காயத்துல துப்பணும். இதை மனுஷன் சரியா சோறு திங்கும்போதுதான் சொல்வார்.

நாங்க கிளினிக்னு முடிவு பண்ணோம், 4,000 பெசோ ஆச்சு. டாக்டர் கை சுத்தம், அதுல குறையே சொல்ல மாட்டேன். லிடோகெயின் ஊசி போட்டு மரத்துப்போச்சான்னு ரெண்டு தடவ செக் பண்ணிட்டுதான் ஆரம்பிச்சார், தானா கரையுற தையல். அத விட எனக்குப் புடிச்சது அந்த நர்ஸம்மா, என்கிட்ட பேசாம பையன்கிட்ட பேசினாங்க, என்ன பண்ணப்போறோம், எது வலிக்கும், எது வலிக்காது, பயமா இருந்தா இன்னிக்கு வேணாம் போயிட்டு இன்னொரு நாள் வா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்கன்னு. இந்த ஊர்ல பெரியவங்க யாரும் அந்தப் பசங்களுக்கு இதச் சொல்றதே இல்ல, எல்லாரும் ஆம்பளையா இருடான்னு முதுகுல தட்டி உள்ள தள்ளி விடறதுதான். 3.5ல பாதி மார்க் அவங்களுக்குத்தான்.

இப்ப குறை. அப்பாயின்ட்மென்ட்னு குடுத்த டைமுக்கு மதிப்பே இல்ல, புனித வாரம் முடிஞ்ச கையோட தெருவே அங்கதான் நிக்குது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல வெறும் துணித்திரை, பக்கத்துப் பையன் கத்துறது அடுத்து படுக்கப்போறவன் காதுல அப்படியே விழுது. வழக்கமா இங்க மேல்தோல்ல ஒரு கீறல் போட்டு விடறதுதான், முழுசா வெட்டி எடுக்கறத ஜெர்மன் கட்னு சொல்லி அதிக காசுக்கு ரிசப்ஷன்லயே தள்ளப் பாக்குறாங்க, வேணாம்னு சொல்லியும் திரும்பத் திரும்ப. மருந்து அலர்ஜி இருக்கான்னு கேட்டாங்க சரி, ரத்தம் உறையுறதுல பிரச்சனை குடும்பத்துல யாருக்காச்சும் இருக்கான்னு கேக்கவே இல்ல, நானா சொன்னேன். கத்தி வைக்கிற எடத்துல முதல் கேள்வியே அதுவால்ல இருக்கணும்? ஆன்டிபயாட்டிக் அவங்க கவுன்டர்லயே வாங்கணுமாம், வெளிய விலை கம்மி.

வீட்டுக்கு வந்தப்புறம் மாமியார் ராஜ்ஜியம். கொய்யா எலைய கொதிக்க வச்சு ஆறின தண்ணில கழுவறது (டாக்டரும் தாராளமா பண்ணுங்கன்னுட்டார்), உரசாம இருக்க அம்மாவோட பாவாட, பொண்ணுங்க பாத்தா தக்காளி மாதிரி வீங்கிடும்னு அக்காவ அந்த ரூம் பக்கமே விடல. இது முடிஞ்சா மடமடன்னு வளருவானாம், பய தினம் சுவத்துல பென்சில்ல கோடு போட்டு பாத்துட்டு இருந்தான்.

போறதா இருந்தா லீவு விட்ட உடனே வாரநாள்ல காலைல முதல் ஆளா போங்க, ஓரத்துல இருக்கற கட்டிலக் கேட்டு வாங்குங்க. சின்னவனுக்கு நாலஞ்சு வருசம் இருக்கு, அவனா வந்து கேட்டா இதே டாக்டர்தான், மருந்து மட்டும் வெளிய.