வீட்டுக் காரோட உயரத்தை இறக்க ஸ்பிரிங் மட்டும் போதுமா, ஷாக்கும் மாத்தணுமா, காயிலோவரா?

ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவுல இருக்குற பெரிய இடைவெளி குறையணும், வளைவுல வண்டி ஆடுறது கொஞ்சம் அடங்கணும், ஆனா பின் சீட்டுல பெரியவங்களும் குழந்தைங்களும் வழக்கம்போல உக்காந்து வரணும், செலவும் கைக்கு அடங்கணும். இப்படி யோசிக்கிறவங்களுக்கு நடைமுறையில நாலு வழிதான். இருக்குற ஸ்பிரிங்கையே வெட்டுறது, வண்டியை இறக்கன்னே வர்ற லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுறது, ஸ்பிரிங்கோட அதுக்குன்னே வர்ற குட்டை ஷாக்கையும் (ஸ்பிரிங் ஆடுறதை அடக்குற ஷாக் அப்சார்பர்) சேத்துப் போடுறது, இல்லன்னா ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்து, மரை திருகி உயரத்தை மாத்துற காயிலோவர்ல விலை கம்மியான செட். ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை வச்ச ஏர் சஸ்பென்ஷன் இந்த பட்ஜெட்டுக்குள்ள வராது, விட்டுடலாம். நான் மூணாவது வழியில போய் 30 எம்எம் இறக்கினேன், இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

ஸ்பிரிங் வெட்டுறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். காயில் ஸ்பிரிங்ல சுத்து குறைஞ்சா கடினம் கூடும், வேலை செய்யுற எட்டு சுத்துல ஒண்ணு போனா ஏழுல ஒரு பங்கு கூடிடும். கடினம் கூடுறது இருக்கட்டும், ஸ்பிரிங்கோட மொத்த நீளம் குறைஞ்சுடுது பாருங்க, அங்கதான் ஆபத்து. ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ பள்ளத்துல சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் லூஸாகி அது உக்காருற தட்டை விட்டு நகர்ந்துடும், திரும்பி உக்காரும்போது சரியான இடத்துல உக்காரும்னு சொல்ல முடியாது. நெருப்புல சூடு காட்டி உக்கார வைக்கிறது இன்னும் மோசம், ஸ்டீலோட பதமே போயிடும், அப்புறம் அது தளர்ந்து அமுங்கிக்கிட்டே போகும், உடையவும் செய்யும். குடும்பம் உக்காருற வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

காயிலோவர் நல்ல சமாசாரம்தான், உயரத்தை இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கலாம், டிராக்குக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்கு நாலு மூலையிலும் எடையை சமன் பண்ண அது வேணும். ஆனா வீட்டுக் காருக்கு ஒரு தடவை உயரம் வச்சா அதுக்கப்புறம் யாரு தொடப் போறா? உயரத்தை மாத்துற அந்த மரை மேல சேறும் தண்ணியும் பட்டு, உயரத்தைப் பூட்டி வைக்கிற லாக் ரிங் ஜாம் ஆயிடும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழுவி மரை இறுகிப் போகாம இருக்க ஆன்டி சீஸ் பேஸ்ட் பூசலன்னா அந்த ரிங்கைத் திருப்புற சி ஸ்பேனர் போட்டாலும் அசையாது. விலை கம்மியான செட்டுகள்ல ஷாக்கோட மேல் முனையைப் பாடியோட பிடிக்கிற ரப்பர் டாப் மவுண்டுக்கு பதிலா இரும்பு பேரிங் வந்தா ரோட்டுல இருக்குற சின்னக் கல்லு கூட உள்ள கேக்கும். நான் சொந்தமா இதை வச்சு ஓட்டல, நண்பர் வண்டியில ஓட்டிப் பாத்ததுதான், அதனால ரொம்ப வருஷம் எப்படி உழைக்கும்ங்கறதுக்கு என் பேச்சை வச்சு முடிவு பண்ணாதீங்க.

இப்ப நிஜமான போட்டி ஸ்பிரிங் மட்டுமா, ஸ்பிரிங்கும் ஷாக்குமாங்கறதுதான். எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் பாக்குறாங்க, என்ன பிராண்டு, எவ்வளவு இறக்கும், சிவப்பா நீலமான்னு. காசைக் கொண்டு போய் வைக்க வேண்டிய இடம் ஷாக்கு.

ஏன்னா வண்டியை 30 எம்எம் இறக்கினா ஷாக்கு ராடும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு எப்பவும் உள்ள போய்தான் நிக்கும். மேல அமுங்க இருந்த இடம் அவ்வளவும் போச்சு. ஒரு உதாரணத்துக்கு ஸ்டாக் வண்டியில, அதாவது கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்குற வண்டியில, ஷாக்கு முழுசா அமுங்கி மோதாம தடுக்குற ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாடி 70 எம்எம் இருந்துச்சுன்னு வைங்க, இறக்கினதும் 40, நாலு பேர் லக்கேஜோட ஏறினா அதுலயும் பாதி காலி. அப்புறம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் வண்டி நிக்கிறது ஸ்பிரிங் மேல இல்ல, பம்ப் ஸ்டாப் மேல. இறக்கின வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் திட்டுறது ஸ்பிரிங்கை, அடி விழுறது பம்ப் ஸ்டாப்புல. அது மட்டும் இல்ல, லோயரிங் ஸ்பிரிங் கடினம் கூடினது, அமுங்கின பிறகு வேகமா திருப்பித் தள்ளும், அந்தத் தள்ளலைப் பிடிச்சு நிறுத்துற அளவுக்கு ஸ்டாக் ஷாக்ல ரீபவுண்ட், அதாவது விரியும்போது அடக்குற சக்தி, இருக்காது. புது ஷாக்கா இருந்தா சமாளிக்கும், பல வருஷம் ஓடினதுன்னா கசிய ஆரம்பிச்சுடும். கசிஞ்சா புது ஷாக்கு, திரும்பவும் பிரிச்சு மாட்டுற கூலி, திரும்பவும் சக்கரங்களோட கோணத்தைச் சரி பண்ற அலைன்மென்ட். முதல்லயே சேத்து மாத்தினா அந்த லேபர் ஒரே தடவைதான். மிச்சம் பிடிக்கிறதா நெனச்சு ஸ்பிரிங் மட்டும் போடுறதுல இந்த ரெண்டாவது கூலியை யாரும் கணக்குல சேக்குறதில்ல.

குட்டை ஷாக்குன்னா பாடியே குட்டையா செஞ்சிருப்பாங்க, அதனால இறக்கின பிறகும் அமுங்க இடம் இருக்கும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கும் இறுக்கமாவே நிக்கும். பில்ஸ்டீன்ங்கற ஷாக்கு கம்பெனியில பி6 ஸ்டாக் உயரத்துக்கு, பி8 இறக்கின வண்டிக்கு, பி8ஐ ஐபாக் பிராண்டு ஸ்பிரிங்கோட சேத்து பி12னு செட்டா தர்றாங்க. அந்த விலை எட்டலன்னா ஸ்டாக் அளவு புது ஷாக்கு போட்டு, 25 எம்எம்மோட நிறுத்தி, பம்ப் ஸ்டாப்பை ஸ்பிரிங் கம்பெனி சொல்ற அளவுக்கு மட்டும் வெட்டிப் போடலாம், அதுவும் நியாயமான வழிதான்.

உங்க வண்டியில எவ்வளவு இடம் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஷாக்கோட டஸ்ட் கவரைத் தூக்கிட்டு, ராடுல ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கமா கட்டி ஷாக்கு பாடியோட ஒட்டி கீழ தள்ளி விட்டுட்டு, குடும்பத்தோட ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து பாருங்க. டை எது வரைக்கும் மேல ஏறி நிக்குதோ அது வரைக்கும் ஷாக்கு அமுங்கியிருக்கு. இறக்குறதுக்கு முன்னாடியே அது பம்ப் ஸ்டாப் கிட்ட போயிருந்தா உங்க வண்டிக்கு ஸ்பிரிங் மட்டும் போடுற வழி கிடையாது.

30க்கு மேல ஏன் வேணாம்னா, ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்குற தூணாவும் இருக்குற அமைப்பு) வச்ச வண்டியில, சக்கரத்தோட அடியை வண்டியோட இணைக்கிற லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பாத்து கீழ சாஞ்சு இருக்கும், ரொம்ப இறக்கினா அது மட்டத்தைத் தாண்டி மேல தூக்கிக்கும், அப்போ ரோல் சென்டர், அதாவது வளைவுல வண்டி எதைச் சுத்தி சாயுதோ அந்தப் புள்ளி, வண்டியை விட வேகமா கீழ போயிடும். வளைவுல சாயுறது குறையும்னு இறக்கின வண்டி சாயறதுக்கே இன்னும் வாகா ஆயிடும்.

மாட்டுறப்ப பக்கத்துலயே நில்லுங்க. லோயர் ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே முழுசா டைட் பண்ண விடாதீங்க, சக்கரம் தரையில உக்காந்து வண்டி அதோட உயரத்துல நிக்கும்போதுதான் கடைசி டைட், இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். உயரம் அளக்குறது தரையிலிருந்து இல்ல, வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும், அப்பதான் டயர் காத்து கணக்கைக் குழப்பாது. கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் உக்காந்ததும் அலைன்மென்ட். கேம்பர் (முன்னாலிருந்து பாத்தா சக்கரம் சாஞ்சிருக்குற கோணம்) கொஞ்சம் மாறினா பெருசில்ல, டோ (மேலிருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்குற கோணம்) விலகினாதான் டயரோட உள் ஓரத்தைத் தின்னுடும். ஹெட்லைட் உயரத்தையும் சரி பண்ணுங்க, முன் கண்ணாடியில கேமரா இருக்குற வண்டின்னா திரும்ப காலிபரேட் பண்ணணுமான்னு கேட்டுக்குங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடணும்.

கழட்டின ஸ்டாக் ஸ்பிரிங்கை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. குடும்பக் காரை வாங்க வர்றவர் பெரும்பாலும் இறக்கின வண்டியைப் பாத்தாலே விலையைக் குறைப்பார். துரு பிடிக்காம எண்ணெய் தடவி சுத்தி வச்சா விக்கிறப்ப திருப்பிப் போட்டுக் குடுக்கலாம், ஆனா குட்டை ஷாக்கு போட்டவங்க நல்ல நிலைமையில இருந்தா ஸ்டாக் ஷாக்கையும் சேத்து எடுத்து வைக்கணும், ஸ்பிரிங்கை மட்டும் ஸ்டாக்குக்கு மாத்தினா குட்டை ஷாக்கு அதுக்கு ஏத்த ஜோடி கிடையாது.