முதுகெலும்புக் கட்டிக்கு எம்போலைசேஷன்: பிவிஏவா, எம்போஸ்பியரா, ஆனிக்ஸா?

சிறுநீரகப் புற்றுநோயோ தைராய்டு புற்றுநோயோ முதுகெலும்புக்குப் பரவினால், அந்தக் கட்டியில் கை வைத்ததுமே ரத்தம் கொட்டும். அதனால்தான் அதற்கு ரத்தம் கொடுக்கும் தமனிகளை ஆபரேஷனுக்கு முன்கூட்டியே அடைப்பது; இதுதான் எம்போலைசேஷன். அடைக்கப் பயன்படும் மூன்று பொருள்கள் பிவிஏ, எம்போஸ்பியர், ஆனிக்ஸ். ஆபரேஷன் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும்; தள்ளிப்போனால் பக்கக் கிளைகள் திறந்துகொள்ளும். எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை. 2015இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், ரத்த ஓட்டம் மிகுந்த கட்டிகளில்தான் ரத்த இழப்பு குறைந்தது.

பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) துகள் மூன்றில் மலிவானது. ஆனால் ஒழுங்கற்ற வடிவம் என்பதால் ஒன்றோடொன்று ஒட்டி, அதைச் செலுத்தும் மெல்லிய குழாயான மைக்ரோகத்தீட்டரின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். நிறைய காண்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்), சலைன் கலந்து நீர்க்க வைத்து, த்ரீ-வே என்ற மூவழித் திருகில் இரண்டு சிரிஞ்சு மாட்டி, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தள்ளிக் கலக்கிய பிறகே செலுத்த வேண்டும். எம்போஸ்பியர் துகள் உருண்டை, ஒட்டாது, இன்னும் உள்ளே போகும். பெரும்பாலும் 300–500 மைக்ரான் போதும். 100க்குக் கீழே போனால் தோல், தசை, நரம்பு எல்லாமே ஆபத்தில். இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது காண்ட்ராஸ்ட் மட்டும்தான். அது சில இதயத் துடிப்புகள் வரை நகராமல் நின்றால் நிறுத்திவிடுங்கள். மேலும் அழுத்தினால் பின்னோக்கி வழியும்.

ஆனிக்ஸ் துகள் அல்ல, திரவம்; எக்ஸ்ரே திரையில் கறுப்பாகத் தெரியும், அதுதான் அதன் பலம். மற்றபடி பாடு அதிகம்: 20 நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும், இல்லையென்றால் அதைத் திரையில் காட்டும் டான்டலம் உலோகத் தூள் அடியில் தங்கி மருந்து எங்கே போகிறதென்றே தெரியாது. அதன் கரைப்பானான டிஎம்எஸ்ஓவைத் தாங்கும் கத்தீட்டர்தான் வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 0.16 மில்லி. டிஎம்எஸ்ஓவால் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். வார்டில் முன்பே சொல்லி வையுங்கள். சர்ஜன் மோனோபோலார் காட்டரி (மின்சாரத்தால் சுடும் கருவி) வைத்தால் பொறி பறக்கலாம். வழக்கமான கேசுக்கு இது வீண் செலவு.

எதைப் பயன்படுத்தினாலும், கட்டி உள்ள முதுகெலும்பு மட்டத்தோடு அதற்கு மேலும் கீழும் ஒரு மட்டம், இரு பக்கமும் ஆஞ்சியோ (தமனிகளைக் காட்டும் எக்ஸ்ரே படம்) எடுத்தே ஆகவேண்டும். கொண்டை ஊசி வளைவுபோல ஒரு மெல்லிய கிளை மேலேறித் திரும்பினால் அது தண்டுவடத்துக்குப் போகிறது, பெரும்பாலும் இடப்பக்கம், ஆடம்கீவிச் தமனி. அந்த இடத்தில் துகளோ ஆனிக்ஸோ கூடாது. காயிலை (உலோகச் சுருளை) மட்டும் தமனியின் தொடக்கத்தில் வைத்து விட்டுவிடுவதும் பயனில்லை; பக்கக் கிளை வழியாகக் கட்டிக்கு ரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

சிறுநீரகப் புற்றுநோயாளிகள் பலருக்கு ஒரு சிறுநீரகம்தான் மிச்சம்; காண்ட்ராஸ்ட் அதைப் பாதிக்கலாம். இத்தனை மட்டங்களுக்கும் சேரும் காண்ட்ராஸ்ட் அளவை எழுதி வைத்து, ஆபரேஷன் அன்று காலை சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள்.