அம்மாவின் கையில் வாட்ச்சா, வாசல் கதவில் சென்சாரா?

அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். நான் சென்னையில். "விழுந்து கிடந்தா யாருக்குடா தெரியும்?" என்று அத்தை கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் தம்பியின் பழைய ஆப்பிள் வாட்ச்சைக் கட்டிவிட்டோம். 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல், விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வசதி அதில் உண்டு. பலமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசைவில்லை என்றால் தானாக அவசர எண்ணைக் கூப்பிடும். நல்ல பொருள்தான். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், அமைக்கவே ஐபோன் வேண்டும். அம்மா குளிக்கப் போகும்போது அதைக் கழற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிடுவாள். வழுக்குவது குளியலறையில், வாட்ச் இருப்பது பிள்ளையாருக்குப் பக்கத்தில்! தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால், "உனக்கென்ன, காசு போட்டவன் அவன்" என்பாள்.

கேமரா பற்றி வாயெடுத்ததுமே முறைத்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

மாதச் சந்தா சேவைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அமேசான் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அலெக்சா டுகெதர் என்று முதியோருக்காகவே ஒன்றைத் தொடங்கியது. 2024 ஜூனில் மூடிவிட்டது. நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

கடைசியில் வந்து நின்றது ஹோம் அசிஸ்டென்ட்டில். வீட்டுச் சென்சார்களையும் கருவிகளையும் ஒன்றாக இணைத்து இயக்கும் மென்பொருள் அது. இலவசம், திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியிலேயே ஓடும். லெகோ மாதிரி வேண்டியதை மாட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம். வாசல் கதவிலும் ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒவ்வொரு ஜிக்பீ சென்சார். கதவு திறந்தால், குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் கணினிக்குச் சொல்லும். தீப்பெட்டி அளவுதான், பட்டன் பேட்டரி. சென்சார் தகவல் வீட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எனக்குச் செய்தி வருவதற்குத்தான் இணையம். அம்மா எதையும் கட்ட வேண்டாம், அழுத்த வேண்டாம். கோலம் போட வாசலைத் திறப்பாள், பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்பாள். ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் இரண்டும் திறக்கவில்லை என்றால் எனக்கும் எதிர்வீட்டு மல்லிகா அக்காவுக்கும் செய்தி வரும்.

இதிலும் குறை இருக்கிறது. ஏழரைக்கு விழுந்தால் மறுநாள் காலைவரை இது வாய் திறக்காது. அந்த இடத்தில் வாட்ச்தான் மேல். கரண்ட் போனால் எல்லாம் படுத்துவிடும் என்பதால் கணினியையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டேன். எது பழுதானாலும் நான்தான் மெக்கானிக். அப்படியும் என் ஓட்டு இதற்கே.

மார்கழி முதல் நாள் ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மல்லிகா அக்கா சாவியோடு ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. நாலரைக்கே கோலம் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போன அம்மா, தொன்னையில் வெண்பொங்கலோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கே ஐந்து மணியை நாலாக மாற்றினேன்.